வடக்கே பார்க்க ஒன்றுமில்லையாம்!

லீவு கிடைத்தால் சென்னைவாசிக்குத் தெரிந்த வழிகள் கொஞ்சம்தான். ஒரு நாள் என்றால் வண்டியைத் தெற்கே திருப்பி மாமல்லபுரம். மூன்று நாள் என்றால் கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிவிட்டு வரலாம். இன்னும் வசதி இருந்தால் தாய்லாந்து போய், இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் ராணுவம் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் நின்று படம் எடுத்து வரலாம். மலை, ஆறு, போர் வரலாறு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறதாம். (அந்தப் பாதை போடும்போது செத்தவர்களில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் உண்டு என்பது படம் எடுப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?)

சரி, உயர் நீதிமன்றத்திலிருந்து வடக்கே எண்ணூர் வரை கடலோரமாக ஒரு சாலை போகிறதே, அதைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். "அங்கே என்ன இருக்கு? லாரியும் தூசியும்தான்!"

என்ன இருக்கிறது?

உயர் நீதிமன்றத்தின் கிழக்குப் பக்கம் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டதன் நினைவு. துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பயந்துபோன ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடியது. அதே வருடம் நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே எம்டன் கதை முடிந்தது. ஆனால் "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம்! 1942 ஏப்ரலில் ஜப்பான் வருகிறது என்ற பயத்தில் நகரம் மறுபடியும் காலியானது. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பான் விமானம் வந்து துறைமுகத்தில் குண்டும் போட்டது.

அதைத் தாண்டினால் 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம். இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் இதுதான் பழையது. பிறகு காசிமேடு. திருவொற்றியூரில் தேவாரம் பாடிய கோயிலும், கடலோரத்தில் பட்டினத்தார் சமாதியும். கடைசியில் கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம், அலையாத்தி மரங்கள், பறவைகள். எல்லாம் இருபது கிலோமீட்டருக்குள்.

"ஆனால் பீச் இல்லையே, வெறும் கருங்கல்தானே" என்பார்கள். ஏன் இல்லை? இந்தக் கரையில் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் குறுக்கே சுவர் வந்தது. மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் ராயபுரத்திலிருந்து கரை அரித்துக்கொண்டே போனது. குடிசைகளைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். அதாவது மெரினாவுக்கு வரவு, வடசென்னைக்குப் பற்று! ஒரே பதிவின் இரண்டு பக்கங்கள். வரவுப் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டே எதிர்ப்பக்கத்தைப் பார்த்து "அழகில்லை" என்பது என்ன நியாயம்?

லாரியும் தூசியும் உண்மைதான். அவையும் இயற்கையாக முளைத்தவை அல்ல. நகரத்துக்குக் கரண்ட் வேண்டும், பெட்ரோல் வேண்டும், கன்டெய்னர் வேண்டும். சாம்பல் மட்டும் எண்ணூர்க் கழிமுகத்துக்கு. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது எர்ணாவூர்க் கரையில் அதை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் முகத்துவாரம் முழுக்கப் பரவி, படகும் வலையும் கறுத்தன. மீன் பிடிப்பவர்களின் பிழைப்பு நின்றது.

ஊர் சுற்றுவது வெறும் பொழுதுபோக்கு இல்லை. எந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும், எந்த இடத்தில் குப்பை கொட்டலாம் என்று நகரம் எடுக்கும் வாக்கெடுப்பு அது. யாரும் பார்க்க வராத இடத்தில் எதையும் கொட்டலாம். கேட்க அங்கே குடியிருப்பவர்கள் மட்டும்தான், அவர்கள் குரல் கோட்டை வரை எட்டாது.

அதற்காக எண்ணூரில் ரிசார்ட் கட்டச் சொல்லவில்லை. அப்படிக் கட்டினால் முதலில் துரத்தப்படுவது மீனவர்கள்தான். வேண்டியது கொஞ்சம்தான். எம்டன் குண்டு விழுந்த துறைமுகத்தை ஒட்டி, போகிற வருகிறவர்கள் படிக்கிற மாதிரி ஒரு பலகை. கன்டெய்னர் லாரிகளுக்குச் சாலைக்கு வெளியே நிற்க இடம். சாம்பலும் எண்ணெயும் கலக்காத கழிமுகம்.

அடுத்த லீவில் ஒரு தடவை வண்டியை வடக்கே திருப்பிப் பாருங்கள். மூக்கைப் பொத்த வேண்டியிருந்தால், அந்த நாற்றத்தில் தன் பங்கு எவ்வளவு என்று வீட்டுக் கரண்ட் பில்லை எடுத்துப் பார்க்கலாம்.