ப்ளட் கல்ச்சரும் ஆபீஸ் கல்ச்சரும்

கொஞ்ச நாள் முன்னாடி அப்பாவுக்கு விடாத காய்ச்சல். பாராசிட்டமால் போட்டா இறங்கும், ராத்திரி மறுபடி ஏறும். ஊர்லேர்ந்து மதுரைக்குக் கூட்டிட்டு வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தோம். டாக்டர் பார்த்துட்டு 'ப்ளட் கல்ச்சர்' எடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாங்க: "ரத்தத்துல என்னடா கல்ச்சரு?"

நான் பொட்டி தட்டுறவன். வொர்க் கல்ச்சர், டீம் கல்ச்சர், ஃபீட்பேக் கல்ச்சர்னு ஒரு நாளைக்குப் பத்து தடவை இந்த வார்த்தையைக் கேக்குற ஜாதி. ஆனாலும் சட்டுனு பதில் வரல. அப்புறம் யோசிச்சு, "நீ பாலுக்கு உறை ஊத்தி வைக்கிற இல்ல, அந்த மாதிரிதாம்மா. ரத்தத்தைச் சத்துத் தண்ணி இருக்கிற பாட்டில்ல விட்டு, உள்ள கிருமி ஏதாச்சும் இருந்தா வளர விட்டுப் பார்ப்பாங்க"ன்னேன்.

"அப்ப ரெண்டு நாளு ஆகும்"னாங்க அம்மா. உறை ஊத்துன அனுபவம் பேசுது :-)

சொன்ன மாதிரியே மூணாவது நாள்தான் ரிப்போர்ட் வந்துச்சு. டைஃபாய்டு. என்ன கிருமின்னு பேரு, கீழ ஒரு பட்டியல்: இந்த மருந்துக்கு அடங்கும், இந்த மருந்துக்கு அடங்காது. டாக்டர் ஊசியை மாத்தினார், அப்பா தேறிட்டார். இப்ப வீட்ல உக்காந்து டிவி ரிமோட்டுக்கு அம்மாகூட சண்டை போடுற அளவுக்கு நல்லா இருக்கார்.

ஆனா அந்த ரிப்போர்ட் என் மண்டைக்குள்ளயே நின்னுடுச்சு. அதே 'கல்ச்சர்' என்கிற வார்த்தை ஆஸ்பத்திரியில குற்றவாளியோட பேரைக் கண்டுபிடிச்சுக் குடுக்குது. எங்க ஆபீஸ்ல குற்றவாளியை ஒளிச்சு வைக்குது. எப்படி?

இங்கிலீஷ்ல இந்த வார்த்தையோட ஜோடி சேர்ற சொற்களைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. 'கல்ச்சர்' முன்னாடி வந்தா பெரும்பாலும் பிரச்சினை இல்ல. 'கல்ச்சர் ஷாக்' அப்படின்னா புது ஊருக்குப் போனவனுக்கு வர்ற திணறல். கலெர்வோ ஓபர்க்னு ஒரு மானிடவியலாளர் 1950கள்ல பேசிப் பிரபலப்படுத்தின சொல் அது. யாருக்கு, என்ன ஆச்சுன்னு தெளிவா இருக்கு.

'கல்ச்சர்' பின்னாடி வரும்போதுதான் வில்லங்கம். கன் கல்ச்சர், வொர்க் கல்ச்சர், விஐபி கல்ச்சர், கேன்சல் கல்ச்சர். முன்னாடி எதை வேணா வெச்சு வால்ல 'கல்ச்சர்' ஒட்டிடலாம். அமெரிக்க அகராதி நிறுவனமான மெரியம் வெப்ஸ்டர் 2014ஆம் ஆண்டோட சொல்லா தேர்ந்தெடுத்ததே 'கல்ச்சர்'தான். 2019ல ஆஸ்திரேலியாவோட மக்குவாரி அகராதி 'கேன்சல் கல்ச்சர்' ஜோடியைத் தேர்ந்தெடுத்துச்சு. ரேமண்ட் வில்லியம்ஸ் 1976லயே 'கீவேர்ட்ஸ்' புத்தகத்துல, ஆங்கிலத்தோட ரெண்டு மூணு ரொம்பச் சிக்கலான சொற்கள்ல இது ஒண்ணுன்னு எழுதிட்டார். பாவம், அவருக்கு ஹெச்.ஆர். மெயில் எல்லாம் வந்திருக்காது.

இந்த வால் நம்ம தமிழுக்கும் வந்தாச்சு. துப்பாக்கிக் கலாச்சாரம், கட்அவுட் கலாச்சாரம், பேனர் கலாச்சாரம்னு தினசரிகள்ல படிக்கிறோம். ஒரு வேடிக்கை பாருங்க: யாராவது 'பேனர் பண்பாடு'ன்னு எழுதிப் பார்த்திருக்கீங்களா? மாட்டாங்க. பண்பாடுன்னா நல்லதுன்னு நம்ம காதுக்குப் பழகிடுச்சு. கெட்டதை எல்லாம் கலாச்சாரம் தலையில கட்டிட்டோம்.

இத்தனைக்கும் ரெண்டும் பொறந்த இடம் வயல்தான். 'கல்ச்சர்' வர்றது உழுது பயிரிடுறதைக் குறிக்கிற லத்தீன் வேர்ச்சொல்லேர்ந்து, 'அக்ரிகல்ச்ச'ர்ல அது இன்னமும் அப்படியே இருக்கு. நம்மளும் நிலத்தைப் பண்படுத்துறதுன்னுதானே சொல்றோம்? வயல்னா உழுதவன் ஒருத்தன் இருக்கணும். தயிர்னா உறை ஊத்துன கை ஒண்ணு இருக்கணும். தானா முளைச்சா அதுக்குப் பேரு களை.

ஆனா 'பேனர் கலாச்சாரம்'னு சொன்னதும் அந்தக் கை காணாம போயிடுது. 2019ல சென்னையில ரோட்டு நடுவுல வெச்ச பேனர் சரிஞ்சு விழுந்து ஒரு உயிர் போச்சு. கலாச்சாரமா வந்து பேனர் கட்டுச்சு? ஒருத்தர் ஆர்டர் குடுத்தார், ஒருத்தர் அடிச்சுக் குடுத்தார், ஒருத்தர் கட்டினார், அனுமதி இருக்கான்னு கேக்க வேண்டியவர் கேக்கல. நாலு பேரும் ஒரே வார்த்தைக்குள்ள ஒளிஞ்சுக்கலாம். நம்மளும் "இந்தக் கலாச்சாரம் ஒழியணும் சார்"னு பெருமூச்சு விட்டுட்டு டீயைக் குடிக்கலாம்.

கை எதுன்னு காட்டுனா மாத்தவும் முடியும். விஐபி கல்ச்சர்னு எத்தனை வருஷமா புலம்பினோம்? 2017 ஏப்ரல்ல மத்திய அமைச்சரவை முடிவெடுத்து, மே 1 முதல் அமைச்சர்கள் கார்லேர்ந்து சிவப்பு சுழல் விளக்கைக் கழட்டச் சொன்னாங்க. அதோட பந்தா எல்லாம் போயிடுச்சான்னா, இல்லதான். ஆனா விளக்கு போச்சு. 'கல்ச்ச'ரைக் கழட்ட முடியாது, விளக்கைக் கழட்டலாம்.

"அப்ப கல்ச்சர்னு ஒண்ணு இல்லவே இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. 2003 பிப்ரவரி 1 அன்னிக்கு கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் இறந்தாங்க. அந்த ஆகஸ்ட்ல வந்த விசாரணை அறிக்கை, இறக்கையில மோதின நுரைத் துண்டுக்கு எவ்வளவு பங்கு இருக்கோ, அவ்வளவு பங்கு நாசாவோட கல்ச்சருக்கும் இருக்குன்னு சொல்லிச்சு. ஆனா அங்கயே நிறுத்தல. முந்தின பயணங்கள்லயும் நுரை விழுந்து ஒண்ணும் ஆகலயேன்னு அது சகஜமா ஆன கதை, இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கணும்னு எஞ்சினியர்கள் கேட்டும் எடுக்காம விட்ட கதைன்னு ஒவ்வொண்ணா எழுதி வெச்சாங்க. அதான் ப்ளட் கல்ச்சர் ரிப்போர்ட்! கல்ச்சர்னு சொல்லிட்டு, கிருமி பேரையும் சொல்றது.

சரி, இவ்வளவு நீட்டி முழக்குறேனே, காரணம் உண்டு. இதுல நானும் ஒரு கிருமி.

போன வருஷம் ஒரு இன்டர்வியூ பேனல்ல மூணு பேர்ல ஒருத்தனா உக்காந்திருந்தேன். வந்த பையன் தென்மாவட்டத்துல ஒரு சின்ன ஊர்க் கல்லூரி. நானும் விருதுநகர் பக்கத்துல அந்த மாதிரி ஒரு கல்லூரியில படிச்சவன்தான். குடுத்த ரெண்டு ப்ராப்ளத்தையும் சுத்தமா முடிச்சான். ரெண்டாவதுல நான் யோசிக்காத ஒரு கேஸை அவனே பிடிச்சான். இங்கிலீஷ் கொஞ்சம் தடுக்கிச்சு. வார்த்தைக்கு வார்த்தை எங்களை "சார், சார்"னான். எங்க ஆபீஸ்ல எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும், அதுதான் எங்க "ஓப்பன் கல்ச்ச"ராம்!

அவன் வெளிய போனதும் டேமேஜர் சொன்னார், "டெக்னிக்கலா ஓகே. பட் கல்ச்சர் ஃபிட் இல்ல."

நான் ஒண்ணும் சொல்லல. ஃபார்ம்ல அதே ரெண்டு வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அஞ்சு நிமிஷத்துல அடுத்த ஆள்.

லாரன் ரிவேரான்னு ஒரு அமெரிக்க சமூகவியல் பேராசிரியர், பெரிய வங்கி, சட்டம், கன்சல்டிங் நிறுவனங்கள்ல ஆள் எடுக்கிறவங்களோட பேசி 2012ல ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. திறமையோட சேர்த்து, தன்னை மாதிரியே பொழுதுபோக்கு, தன்னை மாதிரியே பேச்சு, தன்னை மாதிரியே வளர்ப்பு இருக்கான்னு பார்த்துத்தான் எடுக்கிறாங்க, சில நேரம் திறமையைவிட அதுதான் ஜெயிக்குதுன்னு அதுல இருக்கு. இதைப் படிச்சப்ப எனக்கு ஆச்சரியமே இல்ல. நானே செஞ்சிருக்கேனே. அதுலயும் கொடுமை, அந்தப் பையன் என்னை மாதிரியேதான் இருந்தான். ஆறு வருஷம் முன்னாடி இருந்த என்னை மாதிரி.

"அவன் சார்னு கூப்பிட்டான், அதனால வேலை குடுக்கல"ன்னு அந்த ஃபார்ம்ல நான் எழுதியிருப்பேனா? வெக்கமா இருந்திருக்கும். அந்த வெக்கத்தை மறைக்கத்தான் 'கல்ச்சர் ஃபிட்' இருக்கு.

ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வந்த வாரம் இன்னொரு பேனல். இந்தத் தடவை ஒரு பொண்ணு. அதே வார்த்தை மேசைக்கு வந்துச்சு. "எது ஃபிட் ஆகலன்னு ஒரு வரி எழுதிடலாமே?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒருத்தர், "கொஞ்சம் அமைதியான டைப்பா தெரியுது"ன்னார். "கோட் எழுத அமைதி கெடுதலா?"ன்னேன். சிரிச்சுட்டாங்க. அந்தப் பொண்ணு செலக்ட் ஆயிடுச்சு. என்னால இல்ல, கோட் அவ்ளோ நல்லா எழுதியிருந்துச்சு. நான் செஞ்சது அந்த வாலை வெட்டினது மட்டும்தான்.

முதல்ல வந்த பையன் இப்ப எங்க இருக்கான்னு தெரியாது. நல்ல இடத்துல இருப்பான்னு நினைச்சுக்கிறேன். அப்படி நினைக்கிறது எனக்குத்தான் வசதி, அவனுக்கு இல்ல.

அதனால மக்களே, இனிமே யாராவது "இங்க கல்ச்சரே அப்படித்தான்"னு சொன்னா, எங்கம்மா மாதிரி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: உறை ஊத்துனது யாரு?

பதில் நாமன்னு வந்தா பயந்துடாதீங்க. கிருமி பேரு தெரிஞ்சாதானே மருந்து :-)