மோட்டாரைக் கேளுங்கள்!

பைகாரா மின்சாரம் 1930-களில் கோவைக்கு வந்தது. 1937-ல் கோவையிலேயே மின் மோட்டார் தயாரானது. தோட்டத்தில் கவலை இழுத்த மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. சரி, மோட்டார் எரிந்து போனால்? காயில் கட்டும் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. அதனால்தான் விவசாயி மோட்டாரை நம்பினார்.

பள்ளிக்கூடக் கணினிக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டாமா? 2011-ல் தமிழக அரசு மேல்நிலை மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். இப்போது செயற்கை நுண்ணறிவு பள்ளி வாசலில் நிற்கிறது. வாங்கும் செலவை மட்டும் கணக்குப் போட்டால் போதாது. பேட்டரி, பழுது, இணையக் கட்டணம், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். கணக்கு வாத்தியாரே கணினியையும் பிரித்துப் பார்த்தால், கணக்கை யார் நடத்துவது? பட்டறைகள் நிறைந்த கோவையில் கைதேர்ந்தவர்களுக்கா பஞ்சம்? பத்துப் பள்ளிகளுக்கு ஒருவரை அமர்த்தலாமே!