காசியிலிருந்து கயைக்கு: வான்வழியா, இருப்புப் பாதையா?

காசியில் கங்கா ஸ்நானமும் விசுவநாதர் தரிசனமும் முடித்துக் கயைக்குப் புறப்படும் அன்பர்கள் பலர், "விமானத்தில் முக்கால் மணி நேரம்தானே? எதற்காக இரயிலில் வாட வேண்டும்?" என்று வினவுகின்றனர். எழுபது வயதைக் கடந்தவர்கள் இவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும், முடிவு செய்யுமுன் தூரத்தையும் நேரத்தையும் முழுமையாகக் கூட்டிப் பார்த்தல் நலம்.

வாராணசி விமான நிலையம் நகருக்கு வெளியே, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், பாபத்பூரில் உள்ளது. அங்கிருந்து கயை விமான நிலையம் வான்வழியே சுமார் 225 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு இது கால் மணிப் பயணம் என்றே தோன்றும். ஆனால், இத்தகைய குறுந்தூரத்தில் மேலேறுவதிலும் கீழிறங்குவதிலுமே பெரும்பொழுது கழிகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லும் நேரமும் பயண நேரத்திலேயே அடங்கும். ஆகவேதான் முக்கால் மணி ஆகிறது.

இனி மற்றவற்றைக் கூட்டுவோம். நெரிசல் மிகுந்த வீதிகளைக் கடந்து பாபத்பூரை அடைய ஒரு மணிக்கு மேலாகும். இரண்டு மணி முன்னதாக அங்கு இருத்தல் வேண்டும். கயையில் பெட்டிகளைப் பெற்று விடுதி சேர மேலும் ஒரு மணி. ஆக, முக்கால் மணிப் பயணம் ஐந்து மணியாகிவிடுகிறது.

அதுவும் நேர் விமானம் இருந்தால் மட்டுமே. எல்லாக் காலங்களிலும் அது கிடைப்பதில்லை. தில்லி வழியாகச் சென்றால் 225 கிலோமீட்டர் 1,500 கிலோமீட்டருக்கும் மேலாகி, ஒரு பகல் முழுவதும் கழிந்துவிடும்.

இரயிலில், கங்கைக்கு அப்பாலுள்ள முகல்சராயிலிருந்து கயை சுமார் 205 கிலோமீட்டர். விரைவு வண்டிகள் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் சேர்க்கின்றன. அந்நிலையத்தின் பெயர் 2018 முதல் தீனதயாள் உபாத்தியாய சந்திப்பு என்பதைச் சீட்டு எடுக்கும்போது நினைவிற்கொள்க. வழியில் சோன் நதியையும் கண்டு செல்லலாம். களைத்தவர் காலை நீட்டிப் படுக்கலாம்.

சென்னையிலிருந்து காசிக்குச் செல்வது வேறு கணக்கு. வான்வழியே சுமார் 1,400 கிலோமீட்டர். நேர் விமானத்தில் ஏறத்தாழ இரண்டரை மணி. இரயிலிலோ ஒரு நாளுக்கும் மேல். அங்கே விமானச் செலவு வீண் போகாது. சக்கர நாற்காலி தேவைப்படுவோர் சீட்டுப் பதியும்போதே தெரிவித்தல் வேண்டும். மருந்துகள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

மார்கழி, தை மாதங்களில் கங்கைச் சமவெளியை மூடும் பனி, விமானத்தையும் இரயிலையும் ஒருசேரத் தாமதப்படுத்தும். கயையில் பல்குனி நதி, விஷ்ணு பாதம், அட்சய வடம் என மூன்று இடங்களிலும் பிண்டம் இட்டு முடிக்க அரைநாளுக்கு மேலாகும். அதுவரை உபவாசமும் உண்டு. ஆதலால் எவ்வழியில் சென்றாலும் முதல் நாள் மாலைக்குள் கயையை அடைந்து, இரவு நன்கு உறங்கி எழுங்கள். சேமித்த அரைமணியைவிட, சிராத்தத்தன்று உடலில் எஞ்சியிருக்கும் தெம்பே பெரிது.