கழிவுநீருக்குச் செய்ததைக் கணினிக்கும் செய்ய வேண்டும்

நெமிலி வட்டம் பனப்பாக்கம் சிப்காட் வளாகத்தில், ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களையும் உருவாக்குவதற்கான டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு ஓராண்டு நிறைவதற்குள், 2025 செப்டம்பர் தொடக்கத்திலிருந்து, அதே ஜாகுவார் லேண்ட் ரோவரின் பிரிட்டன் ஆலைகள் இணையத் தாக்குதல் ஒன்றால் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் முடங்கிக் கிடந்தன. பிரிட்டன் பொருளாதாரத்துக்கு நேர்ந்த இழப்பு 190 கோடி பவுண்டு என்றும், பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 5,000-க்கும் மேல் என்றும் அந்நாட்டின் இணையக் கண்காணிப்பு மையம் கணித்தது. தாக்கப்பட்டது ஒரு நிறுவனம்தான். ஆனால் அதற்கு உதிரிபாகம் செய்து கொடுத்த சிறு பட்டறைகளும் வேலையின்றிக் கைகட்டி நின்றன. பனப்பாக்கத்தைச் சுற்றி வளரப்போகும் துணைத் தொழில்களும், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோலையும் ஷூவையும் நம்பி நடக்கும் சிறு நிறுவனங்களும் இதை அயல்நாட்டுச் செய்தியாகப் படித்துவிட்டு நகர இயலாது.

இத்தகைய தாக்குதல்களில் மிகக் கொடியது ரான்சம்வேர், அதாவது கணினியில் உள்ள கோப்புகளை உரியவரே திறக்க முடியாதபடி மறைகுறிகளாக மாற்றிவிட்டு, திறப்பதற்கான சாவிக்குப் பணம் கேட்கும் பணயப் பறிப்பு மென்பொருள். அண்மைக் காலமாக, பூட்டுவதற்கு முன்பே கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு, பணம் தராவிட்டால் வெளியிட்டுவிடுவதாக மிரட்டும் வழக்கமும் சேர்ந்துவிட்டது. 2021 செப்டம்பரில் தமிழக அரசின் பொதுத்துறைக் கணினிகளே இவ்வாறு பூட்டப்பட்டன. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் சிக்கியபோது, நோயாளிகளின் பதிவுகளை ஊழியர்கள் பல நாட்கள் கையால் எழுதினர்.

ஷூவின் மேற்பாகத்தை ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுக்கும் சிறு கூடம் ஒன்றில் பெரும்பாலும் இருப்பது ஒரே ஒரு அலுவலகக் கணினி. கணக்கு, ஜிஎஸ்டி, சம்பளப் பட்டியல், வெளிநாட்டு வாங்குநர் அனுப்பிய மாதிரி வடிவங்கள் யாவும் அதற்குள்ளேயே இருக்கின்றன. கடவுச்சொல் கண்ணெதிரே திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். பேக்கப் எனப்படும் காப்பு நகல் எடுப்பதற்கென வாங்கிய வட்டும் இரவு பகலாக அதே கணினியில் செருகியபடியே இருப்பதால், கணினி பூட்டப்படும் நொடியில் அந்த நகலும் சேர்ந்து பூட்டப்படுகிறது. புதிய ஆர்டர் என்ற பெயரில் வரும் ஒரு மின்னஞ்சல் இணைப்பைத் திறந்தால் போதும், வேறொன்றும் தேவையில்லை.

பணம் கொடுத்து மீண்டுவிடலாம் என்ற கணக்கு தவறானது. கொடுத்த பிறகு சாவி வரும் என்பதற்கோ, வரும் சாவி எல்லாக் கோப்புகளையும் திறக்கும் என்பதற்கோ உறுதியில்லை. கொடுத்தவர் மீண்டும் கொடுப்பார் என்று பணம் பறிக்கும் கும்பல் குறித்துக்கொள்வது மட்டும் உறுதி. ஷூ தொழிலுக்குப் பேர்போன இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில், 158 ஆண்டுகள் நடந்த நைட்ஸ் ஆஃப் ஓல்டு என்ற லாரி நிறுவனம் 2023-இல் இத்தகைய தாக்குதலிலிருந்து மீள முடியாமல் மூடப்பட்டு, சுமார் 700 பேர் வேலை இழந்தனர். ஊழியர் ஒருவரின் எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லே அதற்கு வாயிலாக இருந்ததாகக் கருதப்படுகிறது.

தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று, கணினி அவசரநிலைகளைக் கையாளும் மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. ஆணை சரியானதே, ஆயினும் கணினிக்கென ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்க இயலாத கூடம் ஒன்றுக்கு, நடந்தது தாக்குதல்தானா என்று கண்டறியவே ஆறு மணி நேரம் போதாது. சிறு நிறுவனத்தின் தலையில் கடமையை மட்டும் ஏற்றிவிட்டு ஒதுங்குவது நியாயமாகாது.

இதற்கான வழியை இந்த வட்டாரம் முன்பே கண்டிருக்கிறது. பாலாற்றுப் படுகையைப் பாழாக்கிய தோல் கழிவுநீர் குறித்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, தோல் பதனிடும் ஒவ்வொரு தொழிற்கூடத்துக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட வசதியற்ற கூடங்களுக்குப் பலரும் பங்கேற்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களே கைகொடுத்தன. அதே முறையில் ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் ஒரு பொதுக் கணினிக் காப்பகம் அமைய வேண்டும்: உறுப்பு நிறுவனங்களின் காப்பு நகல்களை இணையத் தொடர்பற்ற சேமிப்பில் வைத்திருக்கவும், மாதம் ஒருமுறை அந்நகலிலிருந்து கோப்புகள் உண்மையிலேயே மீள்கின்றனவா என்று சோதிக்கவும், நள்ளிரவில் அழைத்தாலும் வந்து நிற்கவும் அங்கே ஆட்கள் வேண்டும். செலவில் பெரும்பங்கைப் பெரிய ஆலைகளும் சிப்காட்டும் ஏற்பதே முறை, ஏனெனில் சிறு பட்டறை நின்றால் பெரிய ஆலையின் உற்பத்தி வரிசையும் நிற்கும். சிறியவரின் கணினி வழியாகப் பெரியவரின் வலையமைப்புக்குள் திருடன் நுழையவும் கூடும்.

கழிவுநீருக்குத் தீர்வு வருவதற்குள் கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. இம்முறை அவ்வளவு தாமதம் வேண்டாம்; பனப்பாக்கம் வளாகத்தில் இக்காப்பகத்துக்கு சிப்காட் இப்போதே இடம் ஒதுக்க வேண்டும். அதுவரை, ஒவ்வொரு தொழிற்கூட உரிமையாளரும் அன்றன்றைய கணக்கைச் சேமித்து முடித்ததும் காப்பு நகல் வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைக்க வேண்டும்.