தீர்ந்த கடனுக்கு எழுத்து



கடைசித் தவணையைக் கட்டிவிட்டு, சான்று கேட்கக் கூசி வீடு திரும்புகிறவர்கள் நம் சபையில் உண்டு. கேட்டால் சந்தேகப்படுவதாக மேலாளர் நினைப்பாரே என்கிறார்கள். எரேமியா ஆனதோத்தில் நிலம் வாங்கியது நெருங்கிய உறவினரிடம். ஆயினும் 17 சேக்கல் வெள்ளியைச் சாட்சிகள் முன்பாக நிறுத்துக் கொடுத்து, முத்திரையிட்ட பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். அது அவிசுவாசமா? கணக்கு ஒப்படைக்காதவரைக் குடவோலையிலிருந்தே விலக்கிய உத்திரமேரூரார் நாம், நாமா கூசுவது!

வீட்டுக்கடன் போன்ற தனிநபர் கடன்கள் முற்றும் தீர்ந்தால், 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும், தன்னால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. ஆகையால் கேட்பது யாசகம் அன்று.

பத்திரம் கைக்கு வந்ததோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அடமானம் பதிவாகியிருந்தால், அது தீர்ந்ததற்கான இரசீது ஆவணத்தையும் வங்கி எழுதிக்கொடுத்துப் பதிய வேண்டும். இல்லையேல் வில்லங்கச் சான்றில் அக்கடன் நின்றுகொண்டேயிருக்கும்; தகப்பன் தீர்த்ததைப் பிள்ளைகள் அவர் மறைந்தபின் நிரூபிக்க அலைவார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தனியே போகத் தயங்குகிறவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னிடம் சொல்லுங்கள், உடன் வருகிறேன்.