வழியும் நெறியும்

தமிழில் பாதையைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் வழி, நெறி, ஆறு ஆகிய மூன்றும் காலால் நடக்கும் தடத்தைக் குறிப்பதோடு வாழ்வில் ஒழுகும் முறையையும் குறிக்கின்றன. பாதை வேறு, பண்பு வேறு என நம் முன்னோர் பிரித்துக் காணவில்லை போலும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தை வகுப்பில் நடத்துங்கால் இக்கருத்தை நாம் மாணவர்க்கு எடுத்துரைப்பதுண்டு. மலைவழியைக் கடந்து பரிசில் பெற்றுத் திரும்பிய ஒருவன், அவ்வழியின் இடர்களையும் நலன்களையும் பிறர்க்குச் சொல்லி ஆற்றுப்படுத்துகின்றான். வழி என்பது பகிர்ந்துகொள்ளப்படும் பொருள் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஒருமுறை இவ்வாறு விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, காட்டுக்குள் போகும் வழி யாருக்குச் சொந்தம்?" என்று வினவினார். "நடப்பவர்க்கெல்லாம் சொந்தம்" என்று நாம் விடையிறுத்தோம். வகுப்பு மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆயின் அவ்விடை முழுமையானதன்று என்பதைப் பின்னரே உணர்ந்தோம். உணர்த்தியது ஏதோவோர் இலக்கண நூலன்று; அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள ஒரு சிற்றூரின் வரலாறு.

மலைமிதிவண்டியின் தோற்றம்

மலைத்தடங்களில் மிதிவண்டி ஓட்டும் வழக்கம் மிகப் பழையதன்று. கலிபோர்னியாவில் சான்பிரான்சிஸ்கோவிற்கு வடக்கே உள்ள மரின் மாவட்டத்தில், 1970களில் சில இளைஞர் பழைய கனத்த மிதிவண்டிகளைச் சீர்செய்து மலைச்சரிவுகளில் ஓட்டிக் களித்தனர். 1976 அக்டோபர் 21 அன்று அங்கு ஒரு பந்தயம் தொடங்கிற்று. அதன் பெயர் 'ரீபேக்'. சரிவில் இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத் தடையின் சூட்டில் உள்ளிருக்கும் மசகு எரிந்து புகைந்துபோகும். மீண்டும் மசகு இட்டு நிரப்பினால்தான் வண்டி ஓடும். அவ்வாறு மீண்டும் நிரப்புவதே பந்தயத்தின் பெயராயிற்று. விளையாட்டாகத் தொடங்கிய இம்முயற்சி இருபது ஆண்டுகளில், 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் போட்டியாக இடம்பெறும் அளவிற்கு வளர்ந்தது.

வண்டி வளர்ந்தது, ஓட்டுவதற்குத் தடம் வேண்டுமே! நடப்போரும் குதிரை ஊர்வோரும் பயின்ற தடங்களில் சக்கரங்கள் புகுந்தபோது பூசல் எழுந்தது. பல இடங்களில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டது. நாம் சொல்லவந்த சிற்றூரின் கதை இவ்விடத்தில்தான் தொடங்குகின்றது.

அரசனில்லா அரசு

வெர்மான்டின் வடகிழக்கு மூலையில் உள்ள மூன்று மாவட்டங்களை 'வடகிழக்கு முடியரசு' எனப் பொருள்படும் பெயரால் வழங்குவர். 1949இல் மேலவை உறுப்பினர் ஜார்ஜ் எய்க்கன் தம் உரையொன்றில் அப்பெயரால் அப்பகுதியைச் சுட்டினார், அதுவே நிலைத்துவிட்டது. மேப்பிளும் பிர்ச்சும் அடர்ந்த குன்றுகள், இடையிடையே பால்பண்ணைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்டு மந்தைகளுக்காக வெர்மான்டின் காடுகளில் பெரும்பகுதி வெட்டப்பட்டது. உழவர் வேறிடம் பெயரவே காடு மீண்டும் வளர்ந்தது. இன்று மாநிலத்தின் முக்கால் பங்கு காடே. அக்காட்டின் நடுவே பழைய மேய்ச்சல் நிலங்களின் கல்வேலிகள் இன்றும் கிடக்கின்றன. எனவே அங்குள்ள காட்டின் பெரும்பகுதி அரசுக் காடன்று, தனியார் நிலமே.

அங்கு ஈஸ்ட் பர்க் என்னும் ஊரில் 1994இல் 'கிங்டம் டிரெயில்ஸ்' என்னும் இலாப நோக்கற்ற சங்கம் தோன்றியது. நூற்றுக்கு அருகிலான நில உரிமையாளர்களிடம் இசைவு பெற்று, அவர்தம் நிலங்களை ஊடறுத்து 160 கிலோமீட்டருக்கும் மேலான தடங்களை அச்சங்கம் இணைத்தது. கோடையில் மிதிவண்டி, பனிக்காலத்தில் பனிச்சறுக்கு. பயன்படுத்துவோர் செலுத்தும் கட்டணம் தடங்களைப் பேணச் செலவாகின்றது. நிலம் தந்தோர் வாடகை பெறுவதில்லை. கட்டணம் வாங்காது பிறரைத் தம் நிலத்தில் உலவவிடும் உரிமையாளர், நேரும் விபத்துக்குப் பொறுப்பேற்க வேண்டுவதில்லை எனும் மாநிலச் சட்டமும் இதற்குத் துணைநின்றது. வேலியிடப்படாத நிலத்தில் எவரும் வேட்டையாடலாம் என 1777ஆம் ஆண்டின் வெர்மான்ட் அரசியலமைப்பே கூறியிருந்தது. அயலார் தம் நிலத்தில் கால்வைப்பதைப் பொறுத்துக்கொள்ளும் மரபு அம்மண்ணில் ஊறியது.

தடம் அமைத்தலும் ஒரு கலையே. மலைத்தடத்தின் முதற்பகை நீர். சரிவில் நேர்கீழாக வெட்டிய பாதை ஒரே மழையில் ஓடையாகிவிடும். ஆகவே தடத்தை மலையின் குறுக்காக வளைத்துச் செல்வர். பள்ளத்தின் பக்கமாகச் சற்றே சாய்ப்பர். இறங்கும் தடத்தை இடையிடையே சிறிது ஏறவிடுவர். தேங்காமல் நீர் விலகி ஓட இவை உதவும். பனி உருகி மண் குழையும் இளவேனிற் காலத்தில் தடங்களை மூடிவைப்பர். அக்காலத்தில் ஈரத்தில் பதிந்த சக்கரம் கீறிய கோடு, கோடையில் இறுகிய வடுவாகிவிடும்.

மூடப்பட்ட வாயில்

மண்ணைக் காக்க இத்துணை அறிந்த அவர்கள் மனிதரைக் காப்பதில் சற்றே பின்தங்கினர் என்பது எம் கருத்து. பர்க் நகரத்தின் மக்கள்தொகை இரண்டாயிரத்திற்கும் குறைவு. 2010களின் இறுதியில் அத்தடங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. உணவகமும் விடுதியும் வண்டிக்கடையும் செழித்தன, உண்மையே. உடன் வந்தன நெரிசலும் சிலருடைய பண்பற்ற நடத்தையும். 2019 டிசம்பரில், தடங்களின் நெஞ்சம் போன்ற டார்லிங் குன்றில் அடுத்தடுத்த நிலங்களுக்கு உரிய மூவர், தம் நிலத்தில் இனி மிதிவண்டிக்கு இடமில்லை என அறிவித்தனர். கால் நூற்றாண்டு உழைப்பின் நடுவே ஓர் இடைவெளி விழுந்தது.

இச்செய்தியை அறிந்தவர் பலர் அம்மூவரைக் குறைகூறுவர். ஊர் முழுதும் பிழைக்கும் தொழிலை மூவர் முடக்குவதோ என்பர். அவர்க்கு நாம் கூறுவது இது: இருபத்தைந்து ஆண்டு தந்தவனை, தராத ஒருநாளை வைத்து அளத்தல் முறையன்று. விருந்தோம்பல் என்பது விருந்தினன் உரிமை கோரும் இடத்தில் இறந்துபடும். திண்ணையில் அமர இடம் தந்தவன், அமர்ந்தவன் தன் உறக்கத்தைக் கெடுத்தால் எழுப்பிவிடுவதில் பிழை யாது?

வேறு சிலர், அரசு நிலத்தில் தடம் அமைத்தால் இத்தொல்லை இராதே என்பர். இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேல்ஸ் நாட்டில் 'கோய்ட் அ பிரெனின்' என்றொரு காடு உண்டு. 'அரசனின் காடு' என்பது அதன் பொருள்; 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவை ஒட்டி இட்ட பெயர். பிரித்தானியாவில் மலைமிதிவண்டிக்கென்றே தடம் அமைத்த முன்னோடிக் காடு அது. 1990களில் அரசின் வனத்துறை அதனைச் செய்தது. அங்கு எந்த உழவனும் வாயிலை மூடமுடியாது. ஆயினும் 2025 மார்ச் இறுதியில், நிதி நெருக்கடியைக் காட்டி, அக்காட்டின் வருகையாளர் மையத்திலிருந்த உணவகத்தையும் கடையையும் அரசு நிறுவனமே மூடிற்று. தடங்கள் திறந்தே உள்ளன. களைத்து வந்தவர்க்கு ஒரு கோப்பைத் தேநீர் தரும் இடம் இல்லையாயிற்று. அண்டை வீட்டானின் மனம் மாறுவது போலவே அரசின் வரவுசெலவுக் கணக்கும் மாறும். அண்டை வீட்டானிடமோ சென்று பேசலாம், வருந்தலாம், திருந்தலாம்.

பர்க் மக்கள் செய்ததும் அதுவே. நீதிமன்றத்தை நாடித் தடத்தை மீட்க முற்படாது, நன்றியுணர்வோடு ஓட்டுங்கள் என வருவோர்க்கு அறிவுறுத்தலாயினர். தடங்கள் எத்துணைப் பேரைத் தாங்கும் என ஆராய முற்பட்டனர். இந்தக் கணக்கை முன்னரே போட்டிருந்தால் வாயில் மூடியிராது என்பதே நம் துணிபு. எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணி மகிழ்வது வளர்ச்சியாகாது. எத்தனை பேர் வந்தால் நிலத்துக்கு உரியவன் முகம் சுளிப்பான் என்று முன்னரே அறிவதே வளர்ச்சி. நீருக்கு வழிவிட்டுத் தடம் வெட்டத் தெரிந்தவர்க்கு, அயலானின் அமைதிக்கும் வழிவிடத் தெரிதல் வேண்டும்.

வகுப்பில் வினவிய அம்மாணவர் இன்று எங்கு இருக்கின்றாரோ, அறியோம். அவர்க்கு நாம் திருத்தமான விடை ஒன்று கடன்பட்டுள்ளோம். நடப்பவர்க்கெல்லாம் சொந்தம் என்று சொன்னது பிழை. நிலம் அதற்கு உரியவனுடையது. அதன்மேல் கிடக்கும் வழியோ, அவன் தந்த இசைவும் நாம் காட்டும் பணிவும் கூடியிருக்கும் காலம்வரை மட்டுமே வழி. இரண்டில் ஒன்று நீங்கின் அது வெறுங்காடு. பாதைக்கும் பண்புக்கும் ஒரே சொல்லை வைத்த நம் முன்னோர் இதனை அறிந்தே வைத்தனர் என்று நம்புகின்றோம். மாணவர்களே, நாளை எவ்வழியிற் செல்லினும், அவ்வழியை உங்களுக்குத் திறந்துவிட்டவர் யாவர் என்று ஒருகணம் நின்று எண்ணிச் செல்லுங்கள்.