'அண்ணாச்சி' என்றால் விலை குறையுமா?

மும்பையில் தமிழன் கார் வாங்குவதா என்று கேட்டுச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. இன்று முலுண்டிலும் டோம்பிவிலியிலும் கல்யாணிலும் நம்மவர் குடியிருக்கும் கட்டிடங்களின் கீழே எட்டிப் பார்த்தால் நிலைமை தெரியும். ஐந்து வருடம், ஏழு வருடம் ஓடிய சிறிய கார்கள் துணிப்போர்வை போர்த்திக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. இது ஆடம்பரம் அல்ல. முழங்கால் வலியுள்ள தாயாரை சயான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். வாரம் இரண்டு முறை டாக்சிக்குக் கொடுத்து மாளவில்லை. நான் ரெயில்வே குமாஸ்தா. ரெயிலைக் குறை சொல்வது சோறு போடும் கையைக் கடிப்பது போலாகும். ஆனாலும் காலை 8 மணிக்குக் கல்யாணில் கிளம்பும் பாஸ்ட் லோக்கலில் என் தாயாரை ஏற்ற எனக்குத் துணிவு இல்லை.

ஆகவே நானும் பழைய கார் வாங்கப் போனேன். போன இடத்தில் ரூ.10 ஆயிரத்தைத் தொலைத்தேன். அந்தக் கதையைச் சொன்னால் நாலு பேருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புறநகரில் பழைய கார் விற்கும் ஒரு கடை. பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்து அரைகுறை இந்தியில் நான் பேசத் தொடங்கியதுமே விற்பனைப் பையன் என் உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சிக்குத் திருநெல்வேலியா?" என்றான். வீட்டை விட்டு வந்து பதினான்கு வருடமானவனுக்கு அந்த ஒரு வார்த்தை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டீ வந்தது. அவன் பிறந்த ஊர், என் ஊர், இரண்டுக்கும் இடையில் ஓடும் பஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு, மூலையில் நின்ற வெள்ளைக் காரைக் காட்டினான். நம்பர் பலகையில் டி.என்.72. திருநெல்வேலிப் பதிவு.

"நம்ம ஊரு வண்டி அண்ணாச்சி. 2018 மாடல், ஒரே ஓனர், டாக்டர். வெளியாளுக்கு மூணு அறுபது. உங்களுக்கு மூணு நாப்பது. தானேயிலேர்ந்து ஒரு பார்ட்டி நாளைக்குக் காலைல வாராரு. நீங்க டோக்கன் போட்டுட்டா நான் அவருகிட்ட இல்லைன்னு சொல்லிருவேன்."

ரூ.25 ஆயிரம் டோக்கன் கொடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டு தந்தான். அதில் வண்டி எண்ணும் தொகையும் இருந்தன. வண்டி பிடிக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. நானும் கேட்கவில்லை. ஊர்க்காரனிடம் அதைக் கேட்பது அவனைச் சந்தேகப்படுவதாகும் என்று எனக்குப் பட்டது!

தவறு இங்கேதான். அந்தப் பையன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு மாதம் இத்தனை வண்டி தள்ள வேண்டும் என்று முதலாளி கணக்கு வைத்திருப்பார். அதில்தான் அவன் சம்பளம். தமிழ் பேசுவது அவன் தொழிலில் ஒரு கருவி. மராத்திக்காரர் வந்தால் மராத்தியில் பேச ஒருவனும், குஜராத்திக்காரருக்கு ஒருவனும் அதே கடையில் இருந்தார்கள். மொழியைக் கேட்டு மயங்கியது நான்.

கூட்டிப் பார்த்தபோது

மறுநாள் ஆபீசில் சக குமாஸ்தா ஒருவர், இங்கேயே பிறந்து வளர்ந்த மராத்தி நண்பர், ஒரு காகிதத்தை நீட்டி, "மொத்தம் எவ்வளவு என்று எழுது" என்றார். போன் செய்து கேட்டு எழுதினேன். வண்டி விலை ரூ.3 லட்சத்து 40 ஆயிரம். கடையின் 'பைல் சார்ஜ்' ரூ.12 ஆயிரம். புது இன்சூரன்ஸ், அதுவும் அவர்கள் சொல்லும் கம்பெனியில்தான், ரூ.14 ஆயிரம். தமிழ்நாட்டிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்ய ஏஜெண்டுக்கு ரூ.15 ஆயிரம். மராட்டிய மாநில வரி ஏறத்தாழ ரூ.30 ஆயிரம். ஆக ரூ.4 லட்சத்து 11 ஆயிரம்.

அதே மாடல், அதே 2018, எம்.எச்.05 கல்யாண் பதிவு. டோம்பிவிலியில் ஓர் ஆசிரியை விற்கிறார் என்று நண்பர் விசாரித்துச் சொன்னார். கேட்ட விலை ரூ.3 லட்சத்து 55 ஆயிரம். பெயர் மாற்றச் செலவு, இன்சூரன்சைப் பெயர் மாற்றக் கட்ட வேண்டிய பாக்கி எல்லாம் சேர்த்து ரூ.3 லட்சத்து 61 ஆயிரத்து 500. ரூ.15 ஆயிரம் மலிவு என்று நான் மகிழ்ந்த வண்டி, கூட்டிப் பார்த்தால் ரூ.49 ஆயிரத்து 500 கூடுதல். தினமும் டிக்கெட் கணக்கு கூட்டுகிறவன் நான். சொந்தப் பணம் என்றதும் கூட்டத் தெரியவில்லை.

பிற மாநில வண்டியின் சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. ஒரு வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பழைய மாநிலத்து ஆர்.டி.ஓ.விடம் 28-ம் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இங்கே மறுபடியும் வரி கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியின் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும். லீவு போட்டு ஊருக்கு ஓடி அந்தப் பணத்தை வாங்கி வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

விலையை ஒப்பிடும்போது இன்னொன்றும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. குறைந்தது. அதற்கு முன் 28 சதவீதமும் மேல்வரியுமாக இருந்தது 18 சதவீதம் ஆயிற்று. புதுக் கார் விலை இறங்கினால் பழையதும் இறங்கத்தானே வேண்டும்? ஆகவே பழைய கார் கடைக்குப் போகுமுன் புதுக் கார் ஷோரூமில் அதே மாடலின் இன்றைய விலையைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். "போன வருடம் இதே வண்டி நாலு லட்சத்துக்குப் போச்சு" என்பது பதில் ஆகாது. பழைய கார் வியாபாரி விற்கும்போது 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. ஆனால் அது அவர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீதுதான். முழு விலைக்கும் 18 சதவீதம் போட்டுப் பில் நீட்டினால் அப்படியே கட்டிவிடாமல் விளக்கம் கேளுங்கள்.

பெல்ட்டில் தெரிந்த கோடு

டோக்கன் கொடுத்துவிட்டோமே, வண்டியாவது நல்லதாக இருக்கட்டும் என்று குர்லாவிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனேன். கூலி ரூ.800. என் வாழ்க்கையில் நான் கொடுத்த கூலிகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

அவர் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடாக இருக்கிறதே, நாம் வருமுன்பே ஏன் ஓட்டினார்கள்?" என்று கேட்டார். ஆறிய எஞ்சினை முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதன் நோய் தெரியுமாம். பிறகு டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்தார். பாதிக்கு மேல் துணியில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. கீழே குனிந்து சீட் ஓடும் தண்டவாளத்தின் திருகாணிகளைக் காட்டினார், துரு. கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி உள்ளே விரலால் வழித்தார். மெல்லிய வண்டல் மண்.

"தண்ணீரில் நின்ற வண்டி" என்றார்.

டி.என்.72. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் மூழ்கியதை மறந்துவிட்டீர்களா? திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனதே, அந்த நாட்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் நிலையத்தைத் தண்ணீர் சூழ்ந்தது. என் அத்தை வீட்டில் கட்டில் உயரத்துக்கு வெள்ளம் ஏறி, அவர்கள் மொட்டை மாடியில் இரண்டு இரவு கழித்தார்கள். அந்த மண்ணைத்தான் மெக்கானிக் விரலில் வைத்துக் காட்டினார். நம்ம ஊர் வண்டி என்று பையன் சொன்னது பொய்யில்லை!

2005 ஜூலை 26-ல் மும்பை மூழ்கியதை இங்குள்ள மூத்தவர்கள் அறிவார்கள். சென்னை 2015-லும் 2023-லும் மூழ்கியது. வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவித் துடைத்து, அந்த வெள்ளம் யாருக்கும் நினைவில் இல்லாத வேறு ஊருக்குக் கொண்டுபோய் விற்பது சிலருக்குப் பழகிய வியாபாரம். வெளியே பாலிஷ் பளபளக்கும். உள்ளே வயர்கள் மெல்ல அரித்துக்கொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்து, மழை நாளில், நடு ரோட்டில், தாயாரை வைத்துக்கொண்டு நின்றால் யாரைக் கேட்பது?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அதுவரை அண்ணாச்சியாக இருந்த நான் அந்த நிமிடம் முதல் 'சார்' ஆகிவிட்டேன். "டோக்கன் ரிட்டன் கிடையாது சார், வேற வண்டியில கழிச்சுக்கலாம்" என்றான். எழுத்து மூலம் ஒரு கடிதம் கொடுத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யப் போகிறேன் என்பதையும் அதில் எழுதினேன். ஆறு வாரம் அலைந்த பிறகு ரூ.15 ஆயிரம் கைக்கு வந்தது. மீதி ரூ.10 ஆயிரத்துக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம், ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை. ஆனால் லீவு இல்லை. என் சோம்பலும் ஒரு காரணம்.

"மாதம் எவ்வளவு கட்ட முடியும்?"

கடையில் இந்தக் கேள்வி எழுந்தால் உஷாராக வேண்டும். விலையைப் பேசவிடாமல் தவணையைப் பேசவைக்கும் வித்தை இது. மாதம் பத்தாயிரம் என்று நாம் சொல்லிவிட்டால், விலை எதுவானாலும் அதைப் பத்தாயிரத்துக்குள் அடக்கி, வருடத்தை நீட்டிக் காட்டுவார்கள்.

'ஒன்பது சதவீத வட்டி' என்பதிலும் இரண்டு வகை உண்டு. ரூ.3 லட்சத்துக்கு மூன்று வருடம், 9 சதவீதம் 'பிளாட்' என்றால் வட்டி ரூ.81 ஆயிரம், மாதத் தவணை ரூ.10 ஆயிரத்து 583. அதே 9 சதவீதம், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் என்றால் தவணை ரூ.9 ஆயிரத்து 540. மொத்த வட்டி சுமார் ரூ.43 ஆயிரத்து 400 மட்டுமே. பிளாட் 9 என்று சொல்வது உண்மையில் 16 சதவீதத்துக்கு மேல். கடன் தருபவர் வருடாந்திர மொத்தச் செலவு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். சம்பளத்தில் பிடிக்கும் சொசைட்டிக் கடன் உள்ளவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

டோம்பிவிலி ஆசிரியையிடமே கடைசியில் நான் வாங்கினேன். அவர் என்னிடம் ஊர் கேட்கவில்லை, டீ மட்டும் கொடுத்தார். விலையிலும் ரூ.5 ஆயிரத்துக்கு மேல் இறங்கவில்லை. ஆனால் சர்வீஸ் செய்த ரசீதுகளை எல்லாம் கோத்து வைத்திருந்தார்; எத்தனை கிலோ மீட்டர் ஓடியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வங்கிக் கடன் தீர்ந்த கடிதமும் 35-ம் படிவமும் இருந்தன. 29, 30 படிவங்களில் நான் கையெழுத்திட்ட பிறகே சாவியைத் தந்தார். "பெயர் மாறும் வரை வண்டி இடித்தால் கோர்ட்டுக்கு நான்தானே போக வேண்டும்?" என்றார். அவர் சொன்னது சரி. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. பழைய ஸ்கூட்டரை வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டு ஊருக்குப் போன நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்சூரன்சையும் 14 நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரின் 'நோ கிளெய்ம் போனஸ்' சலுகை அவரோடு போய்விடும், நமக்கு வராது. அந்த வித்தியாசத்தைத்தான் நான் பாக்கியாகக் கட்டினேன்.

நமது சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஊரிலிருந்து பேச்சாளரை வரவழைக்கிறோம், சந்தோஷம். சங்க அறிவிப்புப் பலகையின் ஓர் ஓரத்தில், கமிஷன் வாங்காமல் வண்டியைப் பார்த்துச் சொல்லும் நாலு மெக்கானிக்குகளின் பெயரையும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் நடைமுறை தெரிந்த ஓர் உறுப்பினரின் போன் எண்ணையும் எழுதிப் போடக் கூடாதா? எங்கள் கிளைச் செயலாளரிடம் போன மாதம் கேட்டேன். பொதுக்குழுவில் பேசலாம் என்றார்.